நான் மறைத்து வைத்த ஆறு படங்கள்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், பாத்திரக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை, பாஸ்போர்ட் சைஸ், சில சமயம் சாவு வீடு. பிழைப்பு இதில்தான். ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், பறவைகளைப் படம் எடுக்கிறேன் என்றுதான் முதலில் சொல்லுவேன். எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேறு ஆள் இல்லை என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

அம்பத்தூரில் குடியிருந்த ஒரு பாங்க் அதிகாரி, தம்பி கல்யாண ஆல்பம் வாங்க வந்தபோது மேஜை மேல் கிடந்த கூழைக்கடா படங்களைப் பார்த்துவிட்டு, தன்னையும் ஒரு நாள் ஏரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கூட்டிப் போனேன். அடுத்த வாரம் இரண்டு நண்பர்களோடு வந்தார். அடுத்த வருஷம் குளிர்காலத்தில் அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஆரம்பித்து, மாசியில் வெயில் ஏறும்வரை, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறு பேர். ஏழாவது ஆளைச் சேர்க்க மாட்டேன். ஆறு பேருக்கு மேல் போனால் கொக்கு பறக்கும், எனக்கும் கோபம் வரும். ஒரு வாடகை வேனில் பாரிவாக்கம் ஏரி, ஆவடிப் பக்கத்து ஏரிகள், கொரட்டூர் ஏரி என்று மாற்றி மாற்றிப் போவோம். பொங்கல் விடுமுறையில் ஒரு தடவை மட்டும் பூநாரை பார்க்கப் பழவேற்காடு.

விடியும்போது கரை மேல் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு ஷட்டர் வேகம், பனி இருந்தால் எத்தனை கட்டம் கூட்டணும் என்று சொல்லிக்கொடுப்பேன். பாங்க் அதிகாரி என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். வாரத்தில் ஆறு நாளும் மாலை மாட்டிய மாப்பிள்ளையிடம் "முகத்தக் கொஞ்சம் தூக்குங்க" என்று கெஞ்சுகிறவனுக்கு ஏழாம் நாள் கிடைத்த பெயர் அது. அதை நான் எவ்வளவு நேசித்தேன் என்பது, அது கைவிட்டுப் போகும்போல் இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில் பழைய வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டுப் போக, புதிதாக ஒருவர் வந்தார். பாரிவாக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். பாதி நிலம் பிளாட்டாகப் போனதும், தன் பங்கில் ஒரு வேன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. அப்போது வாய்ப்பேச்சில் நீ, வா, போதான். அவர் என்னை சார் என்றார். முதல் இரண்டு வாரம் எங்களை இறக்கிவிட்டு, சீட்டில் காலை நீட்டித் துண்டை மூடிக்கொண்டு தூங்கினார்.

மூன்றாவது வாரம் பாரிவாக்கம் ஏரியில் பனி. ஒரு மணி நேரம் நின்றும் ஒரு முக்குளிப்பான்கூடக் கண்ணில் படவில்லை. ஆறு பேரும் கையைத் தேய்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். நான் இங்கிலீஷ் பறவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, பறவைகளின் இடப்பெயர்ச்சி பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அவர் வேனிலிருந்து இறங்கி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து என் காதோரம் சொன்னார்.

"சார், இங்க நின்னுகினு இருந்தா ஒண்ணியும் வராது. காத்து இப்டி அடிச்சா வாத்து எல்லாம் மதகாண்டதான் ஒதுங்கும். வாங்க, காட்றேன்."

போனோம். மதகடியில் கோரைக்கு அந்தப் பக்கம் ஊசிவால் வாத்துகள் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன. பனி விலக விலக, ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டின. ஆறு கேமராவும் ஒரே சமயத்தில் சடசடத்தன. திரும்பி வரும்போது எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள். நானும் அவர் தோளைத் தட்டி நன்றி சொன்னேன். தட்டியது கைதான். மனசு இல்லை.

அன்றிலிருந்து அவர் தூங்குவதை விட்டுவிட்டார். கரையில் எங்களோடு நடந்தார். புத்தகத்தில் நான் கண்டுபிடித்து உச்சரிக்கத் திணறிய பறவைக்கு அவரிடம் ஒரு சின்ன, சரியான பெயர் இருந்தது. கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக நீந்துகிற ஒன்றை நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், "நாமக்கோழி சார். நெத்தில நாமம் கீது பாருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பெயர் அவர்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும். நான் சொன்ன பெயர் கரையிலேயே விழுந்துவிடும்.

கூட்டத்தில் ஆவடியிலிருந்து வருகிற ஒரு அறிவியல் டீச்சர் இருந்தார். சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். வெள்ளைப் பருத்திப் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக வருவார். நான் சொல்வதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிற ஒரே ஆள் அவர்தான். அவர் பென்சில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்கு ஒரு போதை மாதிரி. வேறு அர்த்தத்தில் இல்லை. என் மனைவிக்கும் அவரைத் தெரியும், பிடிக்கும். என் பேச்சு எழுதிவைக்கத் தகுந்தது என்று ஒரு படித்த மனுஷி நினைக்கிறாளே, அந்தப் பெருமை. ஒரு நாள் அந்தப் பென்சில் டிரைவர் சொல்வதையும் எழுத ஆரம்பித்தது. தூரத்திலிருந்து பார்த்தேன்.

அடுத்த மாதம் டீச்சர் தன் பழைய கேமராவை அவருக்கே கொடுத்துவிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து புதிது அனுப்பியிருந்தானாம். கூடவே ஒரு பழைய நீள லென்ஸ். "இவர் கண்ணுக்கு ஒரு கேமரா இருக்கணும் மாஸ்டர், நீங்க கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று என்னையே கேட்டுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தேன். ரோல் போடுவது, கழற்றுவது, வெளிச்சம் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்ப்பது. ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொண்டார். நான் அதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொரட்டூர் ஏரியில் இருந்தோம். தை மாதம். நான் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நகர்கிற பறவையை எடுக்கும்போது கேமராவை எப்படி அதோடு சேர்த்துத் திருப்பணும் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தண்ணீர் அடிபடும் பெரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். நாமக்கோழிக் கூட்டம் தண்ணீர் மேல் ஓடி முடித்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பூனைப்பருந்து காலில் எதையோ பற்றிக்கொண்டு அக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. என் எதிரே நின்ற ஐந்து பேருக்கும் என் முதுகுக்கு மேல் கொஞ்சம் தெரிந்திருக்கிறது, கேமராவைத் தூக்கத்தான் நேரம் இல்லை. டீச்சரும் டிரைவரும் கொஞ்சம் தள்ளி, கரை இறக்கத்தில் நின்றிருந்தார்கள். டிரைவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குவதைப் பார்த்தேன். கிடைத்ததா என்று கேட்டேன். "தெர்ல சார். அமுக்கிகினே இருந்தேன்" என்றார்.

மறுநாள் ரோலை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளை ரோல்களை அப்போது நானேதான் கழுவுவேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் என்னிடம்தான் தருவார்கள். "உங்க கையால கழுவிக் குடுங்க சார்" என்றார்.

மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கழுவினேன். காய்ந்ததும் வழக்கம்போல ஆறு ஆறு படமாக வெட்டி, விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு துண்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கரண்டிவாயன் பாதி வெட்டுப்பட்டு, கொக்கு ரொம்பச் சின்னதாக. நிம்மதியாக இருந்தது. மூன்றாவது துண்டை எடுத்தேன். அதில் ஆறும் அந்தப் பருந்து.

நான்காவது படத்தை பிரிண்ட் போட்டேன். டெவலப்பர் தட்டில் காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்க, முதலில் தெரிந்தது சிறகு. தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, முழுசாக விரிந்த சிறகு. அதன் கீழே இரண்டு கால், கால்களுக்கு நடுவே நெற்றி நாமத்தோடு ஒரு தலை. சுற்றிலும் முப்பது நாற்பது நாமக்கோழிகள் தண்ணீர் மேல் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தெறிப்புகள் கோடாக நீண்டிருந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை. பருந்தையே பார்த்துக்கொண்டு அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

எட்டு வருஷமாக நான் காத்திருந்த படம் அது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தட்டின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் சொந்த ஸ்டுடியோவில், என் ரசாயனத்தில், என் கை வழியாக அது வருகிறது. எடுத்தது நான் இல்லை. நான் எங்கே போனேன்? முதுகைக் காட்டிக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அவர் வந்தபோது மற்ற ஐந்து துண்டையும் பிரிண்டையும் கவரில் போட்டுக் கொடுத்தேன். நடுவில் ஆறு படத்தில் வெளிச்சம் பட்டுவிட்டது என்றேன். நாக்கு குழறவில்லை. அவர் பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பருந்து வந்ததா என்று கேட்டார். அதுதான் போச்சு என்றேன். கேமராவின் பின்மூடியைத் திறந்திருப்பாய், நினைவிருக்கிறதா என்றும் கேட்டேன். அவர் யோசித்தார். தான் செய்யாத தப்பைத் தேடிக்கொண்டு, என் கடைப் படியில் நின்று நிஜமாகவே யோசித்தார். "திறந்திருப்பேன் போல கீது சார். புதுக் கை" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர் கேமராவை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு இது ஒத்து வராது, வேற யாருக்காச்சும் உதவட்டும் என்று சொல்லியிருக்கிறார். மறுபடியும் வேனில் துண்டை மூடிக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். டீச்சரின் பென்சில் மறுபடி நான் சொன்னதை மட்டும் எழுதியது. நான் விரும்பியது அத்தனையும் நடந்துவிட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. டார்க் ரூம் அலமாரியில், பழைய ஃபிலிம் டப்பாக்களுக்குப் பின்னால் அந்தத் துண்டு இருந்தது. கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்தப் படம் இன்னும் நன்றாக ஆகிக்கொண்டே போனது. இத்தனை நாள் ஒரு மனுஷன் மேல் இருந்தது, இப்போது இரண்டு விரல் அகல ஃபிலிம் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். யார் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னது, பூசைக்குப் பிந்திப் போனது என்று மற்றதையெல்லாம் சொன்னேன். சாமியார் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச்சில், அந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் முடிந்த வாரம், டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். பள்ளிக்கூட குரூப் போட்டோ விஷயமாக வந்தவர், அதைப் பேசி முடித்தும் கிளம்பவில்லை. கைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"பின்மூடி திறந்துட்டா வெளிச்சம் ஒரு இடத்தோட நிக்காது, பக்கத்துப் படத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும்னு நீங்க சொல்லிக்குடுத்ததுதான் மாஸ்டர் இது. அவர் காட்டின ரோல்ல முன்னாடி பன்னிரண்டு படம் நல்லாருக்கு, பின்னாடி பதினெட்டு படம் நல்லாருக்கு. நடுவுல ஆறு மட்டும் எப்படிப் போகும்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும்போல வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்று மதியமே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டேன். முதல் நான்கு பிரிண்டைக் கிழித்தேன். ஐந்தாவதில் சிறகின் ஒவ்வொரு இறகும் வந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட பிரிண்டுகளில் அதைவிட நல்லது கிடையாது. இதைச் சொல்லும்போதும் ஒரு மூலையில் வலிக்கிறது.

மறுநாள் காலை அதையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளில் பாரிவாக்கம் போனேன். அவர் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் பிளாட் கல் நட்டிருந்தார்கள். உள்ளே வரச் சொன்னார். நான் நின்ற இடத்திலேயே கவரைக் கொடுத்தேன். ரோல் கெடவில்லை, நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன் என்றேன்.

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பிரிண்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தார். விரல் படாமல் அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ரொம்ப நேரம் பார்த்தார். படத்தில் ஓடாமல் மிதந்த அந்த ஒற்றை நாமக்கோழி மேல் விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்தார். பிறகு ஏன் என்று கேட்டார்.

பொறாமை என்றேன்.

"என் மேலயா?" என்றார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. "கடை வச்சிகினு கீறீங்க, மாஸ்டர்னு கூப்புடுறாங்க. நான் வண்டி ஓட்றவன். என் மேலயா?"

நான் தலையாட்டினேன். அவர் படத்தை மறுபடி கவரில் போட்டார். அதற்குள் முகம் மாறியிருந்தது.

"ரெண்டு மாசமா எனக்குக் கைதான் சரியில்லன்னு நெனச்சிகினு இருந்தேன். அந்த டீச்சரம்மாகிட்ட கேமராவ நீட்றப்ப நிமிர்ந்து பாக்க முடில என்னால." கவரை என்னிடமே நீட்டினார். "இத உன் கடை கண்ணாடில வை. கீழ என் பேர எழுது. நீ எட்த்ததான்னு கேக்கறவன் கிட்டல்லாம், இல்லன்னு சொல்லு."

சார் இல்லை. நீங்க இல்லை. அதன் பிறகு அவர் என்னிடம் சார் என்று சொன்னதே கிடையாது.

வைத்தேன். கடை முகப்புக் கண்ணாடியில், கல்யாண ஜோடிகளுக்கும் தவழும் குழந்தைகளுக்கும் நடுவே, அவர் பெயரைக் கட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள், வெளியே இருக்கிற பருந்து நீங்க எடுத்ததா என்பார்கள். வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். இல்லை என்பேன். பெயரைப் படிக்காமலே பாராட்டிவிட்டுப் போகிறவர்களைத் திருப்பிக் கூப்பிட்டும் சொன்னேன். தொண்ணூறுகள் முழுக்க அந்த "இல்லை"யைச் சொன்னேன். வருஷம் போகப் போக அது சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவர் என் கூட்டத்துக்கு வண்டி ஓட்டவில்லை. தன் வேனில் தானே ஆட்களைக் கூட்டிப்போனார். கேமரா அவரிடம் திரும்பிவிட்டது, டீச்சரும் அந்த வேனுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் டீச்சர் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். அதில் "மாஸ்டர்" என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு வருஷமும் முதலில் பார்ப்பேன். இருக்கும். பாங்க் அதிகாரி மட்டும் தவறாமல் என்னோடேயே வந்தார். ஆறு பேர் நான்கானார்கள், சில வாரம் மூன்று. வேனுக்குப் பதில் கார் போதும் என்றானது.

ஏரிக்கரையில் இரண்டு வண்டியும் சந்திக்கும். அவர் என் ஆட்களுக்கும் கையை நீட்டிப் பறவை காட்டுவார், மறைக்க மாட்டார். என்னிடம் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன். ஒரு தை மாதம் பாரிவாக்கத்தில் அவர் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோரைக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என் ஆட்கள் அங்கே போகலாம் என்றார்கள். போங்கள் என்று அனுப்பிவிட்டு, நான் மட்டும் கார் அருகே நின்று, சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் எல்லோரும் கலருக்கு மாறிவிட்டார்கள். அவர் ரோல்களெல்லாம் அம்பத்தூரில் ஒரு கலர் லேபுக்குப் போயின. என் கல்யாண ரோல்களையும் அங்கேதான் கொடுப்பேன். ஒரு நாள் என் பிரிண்டுகளை வாங்கப் போனபோது, கவுன்டரில் ஒரு மஞ்சள் கவர் இருந்தது. மேலே அவர் பெயர். லேப்காரர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"உங்க பக்கத்துக்காரர்தான். என்னமா எடுக்கறாரு தெரியுமா? ஒவ்வொரு ரோல் வரும்போதும் நான்தான் முதல் ஆளா உக்காந்து பார்ப்பேன். பாக்கறீங்களா?"

அந்த மனுஷரைப் பார்த்தேன். கழுத்துக் கயிற்றில் பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் அந்த மஞ்சள் கவர். இந்த லேப்காரர்மேல் பொறாமைப்பட அதற்கு முன் எனக்கு ஒன்றுமே இருந்ததில்லை.

வேண்டாம், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆவடி வழியாகப் போகிற பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் யாருடைய கல்யாணமோ இருநூறு படமாகக் கனத்தது. கரையான்சாவடி வந்து இறங்கும்வரை, அந்த மஞ்சள் கவருக்குள் என்ன பறவை இருந்திருக்கும் என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.